நாற்பது மணி நேரத் தூக்கம் காணவில்லை

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உறையூரிலிருந்து அனுப்பிய நாற்பது மணி நேரத் தூக்கம், புதன்கிழமை காலை ஆகியும் ஓசூர் போய்ச் சேரவில்லை. நடந்து போயிருந்தால்கூட இந்நேரம் குளித்தலையைத் தாண்டியிருக்கும் என்றாள் சற்குணம். அவள் கணவர் நீலமேகம், "பதறாதடி. நல்ல நேரம் பார்த்து அனுப்பினது, எங்கேயும் போகாது" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு இட்லிக்குத் தட்டை நீட்டினார்.

ஒருத்தர் தூக்கத்தை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கலாம் என்று எவனோ கண்டுபிடித்துப் பல வருடம் ஆகிறது. தலைக்கு ஒரு குல்லா, அவ்வளவுதான் சாமான். ராத்திரி அதை மாட்டிக்கொண்டு படுத்தால் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். படுத்தவருக்குக் கண்ணை மூடிக் கிடந்த பலன் மிஞ்சும். ஆஸ்பத்திரியில் வலியில் துடிக்கிறவர்களுக்காகக் கண்டுபிடித்தானாம், பாவம். நம் ஆட்கள் ஆறே மாதத்தில் அதற்கு ஒரு எக்ஸ்சேஞ்சைத் திறந்து, இன்றைக்குத் தூக்கம் ஏறுமா இறங்குமா என்று டீக்கடையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதில் பெரிய எக்ஸ்சேஞ்சுக்குப் பெயர் 'கண்வளர்'.

சற்குணத்தின் ஒரே மகள் நிறைமதி ஓசூரில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் சொந்த வீடு என்று வைராக்கியம். கடன் கொடுத்த வங்கியில் தவணையைத் தூக்கமாகவும் கட்டலாம், ராத்திரிக்கு நாலு மணி நேரம். மகராசி கையெழுத்துப் போட்டாள். இரண்டு படுக்கையறை வந்தது, தேக்குக் கட்டில் வந்தது, படுத்துத் தூங்கத்தான் தூக்கம் இல்லை. மூன்று வருடம் கட்டினாள். போன மாதம் ஆபீஸ் லிஃப்ட்டில் நின்றபடியே விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆரம்பிச்சு நாப்பது மணி நேரமாவது உள்ள போகணும்மா. இல்லைன்னா மூளை தூங்குற பழக்கத்தையே மறந்துடும். அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் ஏறாது. உயிருக்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது."

சந்தையில் வாங்கலாம் என்று பார்த்தால், நாற்பது மணி நேரம் விற்கிற விலைக்கு அந்த ஃபிளாட்டையே இன்னொரு தடவை வாங்கிவிடலாம். நீலமேகத்தின் தூக்கத்தை எடுத்துப் பார்த்தார்கள். குறட்டையில் கிழிந்து கந்தலாகக் கிடக்கிறது, மூன்றாம் தரம்கூடத் தேறாது என்று குல்லா சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டது. மனுஷனுக்கு அதில் ஒரு வாரம் வருத்தம். பிறகு நிம்மதியாகத் தூங்கினார். சற்குணம்தான் முதல் தரம். மகள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழ ஆரம்பித்தபோதே, ஆஸ்பத்திரி வரைக்கும் போவதற்கு ரொம்ப முன்னால், குல்லாவை மாட்டிக்கொண்டவள். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாகச் சேர்த்து நாற்பதை எட்டிப் பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானமும் மாட்டிக்கொண்டு படுத்ததில், மூன்று மணிக்குக் குல்லாவில் நாற்பது நிறைந்தது. உடனே மகள் கணக்குக்கு வரவு முகவரி எடுத்து, அனுப்புகிற பொத்தானுக்கு மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனாள். நீலமேகம் ஓடிவந்து கையைப் பிடித்தார். "அடியே, ராகு காலம்! இவ்வளவு நாள் பொறுத்தே, நாலரை வரைக்கும் பொறுக்க மாட்டியா? பொண்ணு உசிரு விஷயம்டி." பொண்ணு உயிர் என்று சொன்னதும் அவள் அடங்கிப்போனாள். நாலரை தாண்டி ஒரு நிமிஷம் விட்டு, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுத்தினார்கள். வெற்றி என்று பச்சையாக வந்தது.

அந்தப் பச்சைதான் இன்னும் அப்படியே இருக்கிறது. ஓசூர்க் கணக்கில் சைபர்.

இட்லிப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுச் சற்குணம் செயலியைத் திறந்தாள். துள்ளிக் குதித்துக்கொண்டு ஒரு பொம்மை வந்தது.

"வணக்கம் சற்குணம்! நான் கண்மணி. நேற்று நன்றாகத் தூங்கினீர்களா?"

"இல்லை" என்று தட்டினாள்.

"வருந்துகிறேன்! தூக்கம் வாங்க இங்கே அழுத்தவும்."

டெபாசிட் வரவில்லை என்று விளக்கமாக எழுதினாள். கண்மணி பரிவர்த்தனை எண்ணைக் கேட்டது, கொடுத்தாள். உலகமே பார்க்கிற பொதுப் பதிவில் தேடிவிட்டு, "வாழ்த்துகள்! உங்கள் தூக்கம் வெற்றிகரமாகச் சென்று சேர்ந்தது" என்றது. எங்கே சேர்ந்தது என்று கேட்டதற்குச் செயலியை மூடித் திறக்கச் சொன்னது. மூடித் திறந்தாள். போனை அணைத்துப் போடச் சொன்னது, போட்டாள். இருபத்துநாலு மணி நேரம் பொறுக்கச் சொன்னது. அது எப்போதும் இருபத்துநாலாகவே இருந்தது, குறைகிற வழியைக் காணோம். கடைசியில், இன்றைய தேதி எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி வேண்டும் என்றது. எடுத்து அனுப்பினாள்.

"மன்னிக்கவும்! படத்தில் உங்கள் கண்கள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும்."

"இரண்டு மாசமா தூங்காதவ கண்ணு இவ்வளவுதான்டி திறக்கும், நாசமாப் போறவளே" என்று சற்குணம் வாய்விட்டே கத்தினாள். கண்மணி அதற்கு ஒரு இதயம் போட்டது.

சற்குணம் சும்மா ஆள் இல்லை. முப்பது வருடம் ஒரு கேஸ் ஏஜென்சியின் புகார் கவுன்ட்டரில் உட்கார்ந்து, "வண்டியில ஏத்தியாச்சு, வந்துக்கிட்டே இருக்கு" என்று ஊரையே சமாளித்தவள். புகார் சொல்ல வந்தவனுக்கு நாற்காலிகூடக் கிடைக்காது, புதுக் கனெக்‌ஷன் கேட்டு வந்தவனுக்கு மானேஜரே எழுந்து வருவார் என்பது அவளுக்கு அத்துப்படி. புகாரை அழித்துவிட்டு, "இன்னும் நூறு மணி நேரம் டெபாசிட் செய்ய விரும்புகிறேன். சந்தேகம் இருக்கிறது" என்று எழுதினாள். அரை நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது.

"சற்குணம் மேடம், வணக்கம். கண்வளர் எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து தஸ்தகீர் பேசுறேன். நூறு மணி நேரம் போடப் போறீங்களாமே, ரொம்ப சந்தோஷம் மேடம்!"

"எனக்கும் சந்தோஷம்தான் தம்பி. நேத்து போட்ட நாப்பதை முதல்ல காட்டுங்க, அப்புறம் நூறைப் பத்திப் பேசலாம்."

மறுமுனையில் சின்னதாக ஒரு பெருமூச்சு. பிறகு விசைப்பலகை தட்டுகிற சத்தம். "மேடம், நீங்க அனுப்பின முகவரி காலாவதி ஆயிடுச்சு."

"முகவரி எப்படிப்பா காலாவதி ஆகும்? நாங்க கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதே வீட்டுல இருக்கோம்."

"இது அந்த முகவரி இல்லை மேடம். ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் புதுசா ஒண்ணு கொடுப்போம். கொஞ்ச நேரம்தான் உயிரோட இருக்கும். உங்களோடது நேத்து நாலரைக்கு முடிஞ்சுது. நீங்க அதுக்கப்புறம் அனுப்பியிருக்கீங்க. காலாவதியான முகவரிக்கு அனுப்பப்பட்ட தூக்கத்தை நிறுவனக் கொள்கைப்படி திரும்பப் பெற இயலாது. ஏற்பட்ட சிரமத்துக்கு..."

"நிறுத்துங்க." சற்குணம் எழுந்து நின்றாள். "எழுதிவெச்சதைப் படிக்காதீங்க தம்பி. நானும் புகார் கவுன்ட்டர்ல காலத்தைத் தள்ளினவதான், எது படிக்கிறது எது பேசுறதுன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தூக்கம் போகலைன்னா என் பொண்ணு செத்துடுவா. இதுக்கு உங்க தாள்ல என்ன எழுதியிருக்கு? அதையும் படிச்சுடுங்க."

அவன் எதையும் படிக்கவில்லை. "இந்த உரையாடல் பதிவு செய்யப்படுது மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நீலமேகம் ஆரம்பித்தார். "உன் வாய் இருக்கே, ஒரு நல்ல பையனைப் பேசவிடாம..." அவர் முடிப்பதற்குள் புது எண்ணிலிருந்து போன் வந்தது. சற்குணம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, தஸ்தகீர். இது என் சொந்த போன், மாடியில நின்னு பேசுறேன்." காற்று இரைந்தது. "ராகு காலத்துக்காகக் காத்திருந்தீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"எங்க சிஸ்டத்துக்கே தெரியும்மா. தமிழ்நாட்டுல மட்டும் நிறைய பேர் முகவரி எடுத்துட்டு அனுப்பாம உக்காந்திருக்காங்க, ஏன்னு ஆராய்ச்சி பண்ணாங்க. கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுக் கொடுத்துது. அதுலேர்ந்து இங்க ராகு காலத்துல எடுக்குற முகவரி எல்லாம், ராகு காலம் முடியுற அதே நிமிஷம் செத்துடும். மத்த நேரத்துல எடுத்தா ரெண்டு நாள் இருக்கும். வெளி மாநிலத்துக்காரங்களுக்கு எப்பவுமே ரெண்டு நாள்தான்."

"அடப்பாவிகளா! உங்க கம்பெனியில பஞ்சாங்கம் பார்க்குறாங்களா?"

"எங்க கம்பெனி அளவுக்கு யாருமே பார்க்குறதில்லைம்மா."

நீலமேகம் தட்டைக் கீழே வைத்தார். இட்லி பாதி அப்படியே கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இட்லியை மிச்சம் வைத்து சற்குணம் பார்த்ததில்லை.

"சரி, செத்த முகவரிக்குப் போனது எங்க போகும்?"

"பொதுத் தொட்டின்னு ஒண்ணு இருக்கும்மா, அதுக்குள்ள விழும். அதுலேர்ந்து முதல் தரமா இருக்குறதை எங்க முதலாளி எடுத்துக்குவாரு. அவருக்குச் சொந்தமா தூக்கம் வராது." தஸ்தகீர் தயங்கினான். "அம்மா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல மாடித் தொட்டி நிரம்பி வழியுமா?"

சற்குணம் கணவரைப் பார்த்தாள். நீலமேகம் ஜன்னலைப் பார்த்தார்.

"ஏன் கேக்குறீங்க?"

"தூக்கத்தோட கொடுத்தவங்க மனசுல கிடக்குறதும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும்மா. விக்கிறதை வடிகட்டித்தான் விப்போம். முதலாளிக்கு வடிகட்டினா ருசி போயிடுமாம், அப்படியே வேணும். நேத்து ராத்திரிலேர்ந்து தூங்குறாரு. தூக்கத்துலேயே, 'மோட்டாரை நிறுத்துங்க, தண்ணி வழியுது, எத்தனை தடவை சொல்றது'ன்னு கத்துறாரு. ஒன்பது மாடி கட்டடம்மா. பராமரிப்பு ஆளுங்க, இன்ஜினியருங்க, ஐடி டிபார்ட்மென்ட் முழுசும் மோட்டாரைத் தேடிக்கிட்டு அலையுது. ரெண்டு மேனேஜருங்க தண்ணித் தொட்டிக்குள்ளயே இறங்கிட்டாங்க."

வேறொரு நாளாக இருந்தால் சற்குணம் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். இப்போது அழுகைதான் வந்தது. இரண்டு மாதம் ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்து பெண்ணுக்காகச் சேர்த்ததை எவனோ ஒரு தடியன் ஏசி அறையில் படுத்துத் தூங்கித் தீர்க்கிறான். "எழுப்புங்க அந்த ஆளை! மிச்சத்தையாவது பிடுங்கி அனுப்புங்க."

"எழுப்ப இங்க ஆள் கிடையாதும்மா. எழுப்பினாலும் நடுவுல அறுந்த தூக்கம் யாருக்கும் ஆகாது." தஸ்தகீர் குரலைத் தாழ்த்தினான். "என்னால ஒண்ணுதான் பண்ண முடியும். எல்லாரும் மோட்டாரைத் தேடுறதுல கணக்கைப் பார்க்க ஆள் இல்லை. தொட்டியில வேற தூக்கம் கிடக்கு. அதுலேர்ந்து நாப்பது மணி நேரத்தை நல்லெண்ண வரவுன்னு போட்டு உங்க பொண்ணு கணக்குல தள்ளிடுறேன். வடிகட்ட நேரம் இல்லை, அப்படியேதான் வரும். பரவாயில்லையா?"

சற்குணத்துக்கு மூச்சு வந்தது. "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. போடுங்க" என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நின்றாள். "அது யாரோடது?"

"தெரியாதும்மா. எண்ணு மட்டும்தான் எனக்குத் தெரியும். உங்கள மாதிரி யாரோ."

"ராகு காலத்துக்குக் காத்திருந்தவங்களா?"

"ஆமா."

"அவங்களும் யாருக்காவதுதானே அனுப்பியிருப்பாங்க? கேட்டு வந்தா?"

"கண்மணி பேசும்மா."

நீலமேகம் குறுக்கே கையை நீட்டினார். "வேண்டாம்டி. அடுத்த வீட்டுக்காரன் பிள்ளைக்கு வெச்சதை எடுத்து நம்ம பிள்ளைக்கு ஊட்டுறதா? பாவம்டி."

சற்குணத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "பாவத்துக்கும் உங்க பஞ்சாங்கத்துல நேரம் போட்டிருக்கான்னு பாருங்க, அதுவரைக்கும் காத்திருக்கலாம்! மூணு மணிக்கு என் கையைப் பிடிச்சது யாரு? நீங்க பிடிக்காம இருந்திருந்தா இந்நேரம் என் தூக்கத்துல என் பொண்ணு தூங்கிக்கிட்டிருப்பா. எவ தூக்கத்தையும் நான் திருட வேண்டியதில்லை."

அவர் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை, அப்போதைக்கு வரவில்லை.

அவள் யோசிக்காமல் இல்லை. எவளோ ஒருத்தி இந்த நிமிஷம் போனை மூடித் திறந்துகொண்டிருப்பாள். தாளைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பாள். கண்ணைத் திற என்று அந்தப் பொம்மை அவளிடமும் கேட்கும். எல்லாம் தெரிந்தது. நிறைமதியின் முகமும் தெரிந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி, விட்டத்தைப் பார்த்தபடி.

"போடுங்க தம்பி" என்றாள்.

தொட்டிக்கு வாய் சின்னதாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. வியாழக்கிழமை விடிகிறபோது கணக்கில் நாற்பது நின்றது. தஸ்தகீரின் எண்ணுக்கு நன்றி சொல்லப் போன் போட்டாள், அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. வேலை போயிற்றோ, போனை மட்டும் மாற்றினானோ, யாரைக் கேட்பது? கண்மணியிடமிருந்து மட்டும் ஒரு செய்தி வந்திருந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தது.

இருவரும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓசூர் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் குல்லாவை மாட்டித் தயாராக வைத்திருந்தாள். வழியில் பேசிக்கொள்ளவில்லை. சேலத்தில் மட்டும் நீலமேகம் இறங்கிப் போய் அவளுக்கு டீ வாங்கிவந்தார், அவளும் வாங்கிக் குடித்தாள். நிறைமதிக்கு அம்மாவை அடையாளம் தெரிந்ததா என்றே சொல்ல முடியவில்லை. விழித்த கண் விழித்தபடி இருந்தது. நர்ஸ் பொத்தானை உறிஞ்சுவதிலிருந்து ஊற்றுவதற்குத் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் இமை கனத்தது, மூடியது. மூச்சு நீளமாக இழுத்தது. டாக்டர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "நல்ல தூக்கம்மா. பிழைச்சுக்குவா, கவலைப்படாதீங்க" என்றார்.

நீலமேகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். சற்குணம் எழுந்து போய் அவர் தோளில் கையை வைத்தாள். டீ குடித்துவிட்டு வாங்க என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். நல்ல பகல். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் தலையைத் தடவிக்கொடுத்தாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவளுக்கும் கண்ணைச் சொருகியது.

"ஏட்டி."

சற்குணம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நிறைமதியின் உதடுதான் அசைந்தது. குரலும் அவள் குரல்தான். ஆனால் உறையூரில் பிறந்து வளர்ந்த பெண், திருநெல்வேலிப் பக்கமே போகாதவள், வாழ்க்கையில் யாரையும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை.

"ஏட்டி செல்லக்கனி... இன்னும் நாலு ராத்திரிட்டி. அம்மை சேத்துக்கிட்டேதான் இருக்கேன். சேந்த உடனே அனுப்பிருதேன்."

அறையில் வேறு யாரும் இல்லை. சற்குணம் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுவரைக்கும் தாங்கிருவியாட்டி?"

கதவைச் சாத்திவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தூங்குகிறவளின் நெற்றி சுருங்கியது. கை போர்வைக்கு மேலே எதையோ தேடித் துழாவியது.

"செல்லக்கனி? தாங்கிருவியா மக்களே? சொல்லுட்டி."

சற்குணம் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"தாங்கிக்குவேம்மா" என்றாள்.

நெற்றிச் சுருக்கம் மெல்ல விலகியது. நிறைமதி ஒருக்களித்துப் படுத்து, நிம்மதியாகத் தூங்கினாள்.